தனித்தொட்டியும் பெருந்தொட்டியும்

மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கு முன்னர் வாழ்ந்த முதியோரிடம் 'மண்டபம்' என்று சொன்னால், அவர்கள் கோயில் மண்டபத்தை நினைத்ததில்லை. கடலுக்கு அப்பாலுள்ள ஓர் ஊரையே நினைத்தார்கள். இராமேசுவரத் தீவுக்கு எதிரே, தமிழ்நாட்டின் கரையோரத்தில் அமைந்தது அவ்வூர். அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பிழைப்புத் தேடி வந்தோர், கப்பலேறுமுன் அங்கேதான் நிறுத்தப்பட்டார்கள். அங்கே துணிகளை ஆவியில் அவித்தார்கள், அம்மை குத்தினார்கள், நோய் ஏதும் வெளிப்படுகிறதா என்று நாட்களை எண்ணிக் காத்திருக்கச் செய்தார்கள். தோட்டத்து லயங்களில் இரவு வேளைகளில் பேசப்பட்ட பழங்கதைகளில் 'மண்டபம் கேம்ப்' என்பது தவறாது இடம்பெற்ற ஒரு சொல்.

அதே மண்டபத்தில் வேறொரு வகைத் தனிமையும் உண்டு என்பதைப் பலர் அறியார். இந்திய அரசின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்கப்பெற்று, 1949ஆம் ஆண்டில் மண்டபம் முகாமைத் தன் தலைமையிடமாகக் கொண்டது. 1971ஆம் ஆண்டில் தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பின்னரும், மண்டபத்தில் அதன் கிளை நிலையம் தொடர்ந்து இயங்கி வருகிறது. அங்கே கடலிலிருந்து பிடித்து வரும் தாய்மீன்களை நேரே பெருந்தொட்டியில் விடுவதில்லை. முதலில் அவற்றைத் தனியாக ஒரு தொட்டியில் வைத்து, நன்னீரிலோ மருந்து நீரிலோ குளிப்பாட்டி, உடலில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களைப் போக்கிய பிறகே மற்ற மீன்களோடு சேர்க்கிறார்கள்.

ஒரே ஊர், இருவகைத் தனிமை. ஒன்று மனிதருக்கு, மற்றொன்று மீனுக்கு. மனிதரை மீனோடு ஒப்பிட்டு இழிவுசெய்வது இங்கே நோக்கமன்று. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தோர் நூறாண்டு அனுபவத்தில் கற்றுக்கொண்ட ஓர் எளிய உண்மை, மலைநாட்டு மக்களின் வரலாற்றில் எவ்வளவு காலம் மறக்கப்பட்டிருந்தது என்பதைக் காண்பதே நோக்கம்.

நோயுற்றோரையும் நோயிடத்திலிருந்து வந்தோரையும் தனியே வைக்கும் முறை பழமையானது. 1377ஆம் ஆண்டில், ஏட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்த ரகுசா என்னும் துறைமுக நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம் என்று ஆணையிட்டது. பின்னர் அந்த முப்பது நாற்பதாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'குவாரன்டைன்' என்னும் பெயர் பிறந்தது. வெனிசு நகரத்தார் 1423ஆம் ஆண்டில் இதற்கென ஒரு தீவையே ஒதுக்கினார்கள். ஊருக்குள் இருப்போரைக் காப்பதே இம்முறையின் முதல் நோக்கம். வெளியே நிறுத்தப்பட்டவனைக் குணப்படுத்துவது அன்று. இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்வது நலம்.

இனி மீன்களிடம் வருவோம். கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்க்கும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வேரூன்றியது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கான மீன்காட்சி இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் கோசு என்னும் இயற்கை நூலார் எழுதிய நூலால் 'அக்குவேரியம்' என்ற பெயர் எங்கும் பரவிற்று. தமிழகத்தில் இக்கலை 1909ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கார் தேர்சுட்டனின் முயற்சியால் மெரினாக் கடற்கரையில் கடல்மீன் காட்சிச்சாலை ஒன்று எழுந்தது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது இதுவே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

காட்சிச்சாலைகள் பெருகப் பெருக ஒரு துன்பமும் உடன் வந்தது. வெப்பக் கடல்களிலிருந்து அரிதிற் கொணர்ந்த அழகிய மீன்கள், சில நாட்களில் உண்ண மறுத்தன. பாறையில் உடலை உரசின. விரைவாக மூச்சு வாங்கின. ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. புதிதாக ஒரு மீனைச் சேர்த்த சில நாட்களில் தொட்டி முழுவதும் வெறுமையாவதும் உண்டு. நீரைக் குறைகூறினார் சிலர். உணவைக் குறைகூறினார் சிலர். லண்டன் காட்சிச்சாலையின் மீன்களை ஆராய்ந்த பிரௌன் என்பார், 1931ஆம் ஆண்டில், மீனின் செவுள்களில் ஒட்டி வாழும் ஒரு நுண்ணுயிரைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். தோலின் மேல் பொன்தூள் தூவியதுபோல் தோன்றும் நோய்க்கு அதுவே காரணம். உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகளைத் தோற்றுவிக்கும் வேறொரு நுண்ணுயிரை 1937ஆம் ஆண்டில் ஜப்பானில் சிக்காமா என்பார் விவரித்தார். அதற்கு இன்று வழங்கும் விஞ்ஞானப் பெயரை 1951ஆம் ஆண்டில் இட்டவரும் பிரௌனே.

இந்த வெண்புள்ளி நோயின் இயல்பை அறிந்தால்தான் அதன் மருத்துவம் விளங்கும். நோயைத் தரும் உயிர் தன் வாழ்நாள் முழுவதையும் மீனின் உடலிற் கழிப்பதில்லை. தோலுக்குள் புகுந்து மூன்று முதல் ஏழு நாள்வரை உண்டு கொழுக்கிறது. பின் மீனைவிட்டு விழுந்து, தொட்டியின் அடியிலுள்ள மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக் கொள்கிறது. அந்த உறைக்குள் அது பலவாகப் பிரிகிறது. சில நாளிலோ சில வாரங்களிலோ உறை வெடித்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீரில் நீந்தி வெளிவருகின்றன. ஒருநாள் அல்லது இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிடில் அவை அழிந்துபோகும். ஆழ்கடலின் பரப்பில் அவற்றுள் மிகப் பல பசியால் மடிகின்றன. நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள்ளோ, எங்கு நீந்தினும் ஒரு மீன் அகப்படும். கடலிற் சிறு தொல்லையாக இருப்பது தொட்டியிற் கொள்ளைநோயாவதற்கு இதுவே காரணம்.

புள்ளிகள் தாமாகவே மறைவதும் உண்டு. அனுபவமில்லாதவர் நோய் தீர்ந்தது என்று மகிழ்வர். உண்மையில் அந்நேரத்தில் நோய் மீனை விட்டுத் தரையில் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. சில நாளில் முன்னிலும் பன்மடங்காக அது திரும்பும்.

மருந்து கிடைத்தது. சான்பிரான்சிசுக்கோ நகரத்து ஸ்டைன்கார்ட் மீன்காட்சிச்சாலையைச் சேர்ந்த டெம்ப்சுட்டர், பொன்தூள் நோய்க்கு மயில்துத்தம் பயன்படும் முறையை 1955ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். மயில்துத்தத்திலுள்ள செம்பு, நீரில் நீந்தும் நோய்க்குஞ்சுகளைக் கொல்லும். வெண்புள்ளி நோய்க்கும் அம்முறை பரவிற்று. ஆனால் அளவு மிக நுட்பமானது. ஆயிரம் லீற்றர் கடல்நீருக்கு வேண்டிய செம்பு ஒரு கிராமில் ஐந்திலொரு பங்களவே. குறைந்தால் நோய் சாகாது. கூடினால் மீன் சாகும். இரண்டு மூன்று வாரம் அவ்வளவு மாறாமல் நாள்தோறும் சோதித்துக் காத்தல் வேண்டும். அன்றியும், செம்பு பவளங்களையும் இறால்களையும் சிப்பிகளையும் கொன்றுவிடும். சுண்ணாம்புக் கற்களும் மணலும் அதை உறிஞ்சிவிடும். ஆகவே பெருந்தொட்டியில் அம்மருந்தை இடலாகாது. நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருந்தளித்தல் வேண்டும்.

இவ்வாறு பிறந்ததே தனித்தொட்டி. அதில் மணல் இல்லை, கல் இல்லை, பவளம் இல்லை. வெறும் கண்ணாடித் தரை. மீன் அஞ்சி ஒளிவதற்கு ஒரு துண்டுக் குழாய். நீரைத் தூய்மையாக்க ஒரு நுரைப்பஞ்சு வடிகட்டி. காற்றைச் செலுத்த ஒரு சிறு கருவி. பார்வைக்கு அழகற்றது, ஆனால் மீனின் உயிர் அங்கேதான் மீள்கிறது. கடலுக்குத் தொலைவில் வாழ்வோர் கடலுப்புக் கலவையை நன்னீரிற் கரைத்து நீரை ஆக்கிக் கொள்வர். 1,800 மீற்றருக்கு மேலான உயரத்திலுள்ள நுவரெலியா போன்ற குளிரூரில், நீரின் வெப்பத்தைக் காக்கும் கருவியும் இன்றியமையாதது. வெப்பக்கடல் மீனுக்கு ஏறத்தாழ 25 பாகை வெப்பம் வேண்டும்.

மருந்தே இல்லாத முறை ஒன்றும் உண்டு. இசுரேல் நாட்டில் செங்கடல் ஓரத்திலுள்ள ஈலாத் நகரில் கொலோர்னி என்னும் ஆராய்ச்சியாளர் 1980களில் அதை விளக்கினார். நோயுற்ற மீனை மூன்று நாளுக்கு ஒருமுறை தூய்மையான வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். நான்குமுறை மாற்றினால் போதும். மீனிலிருந்து விழுந்த நோயுயிர்கள் உறைகட்டி வெடிப்பதற்குள் மீன் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடும். விட்டுவந்த தொட்டியைக் கழுவி உலர்த்தினால் நோயின் தலைமுறை அங்கேயே முடிந்துவிடும். மீனுக்கு மருந்து கொடுப்பதைவிட, மீன் வாழும் தரையை மாற்றுவதே இம்முறையின் உயிர்நாடி.

அனைத்திலும் இன்றியமையாத படி இறுதியில் வருகிறது. மீன் குணமடைந்ததும் அதைப் பழைய பெருந்தொட்டியில் உடனே விடலாகாது. அங்கே மணலில் உறைகள் காத்திருக்கின்றன. மீன் ஒன்றுகூட இல்லாமல் பெருந்தொட்டியை ஏறத்தாழ பத்து வாரம் வெறுமையாக விட்டுவைத்தால், வெடித்து வரும் குஞ்சுகள் பற்றுவதற்கு உடலின்றி அழிந்தொழியும். அதன் பின்னரே மீன் வீடு திரும்பலாம். தனித்தொட்டியில் எவ்வளவு திறமையாக மருத்துவம் செய்தாலும், பெருந்தொட்டி தூய்மையாகாவிடில் அத்தனையும் வீண். மீன் வளர்ப்போர் பலமுறை மீன்களை இழந்து கற்ற பாடம் இது.

இப்பாடத்தோடு மலைநாட்டு வரலாற்றுக்குத் திரும்புவோம்.

கோப்பித் தோட்டங்களின் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளின் ஊடே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். கொலராவும் அம்மையும் காய்ச்சலும் அவர்களுடன் நடந்தன. வழியில் விழுந்து மாண்டோர் பலர். நோய் தோட்டங்களுக்கும் சிங்களக் கிராமங்களுக்கும் பரவிற்று. 1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டியிருந்தது. ஆகவே வருவோர் தொகை பெருகிற்று. அவர்களோடு நோய் வாராமற் காக்கும் எண்ணமும் அரசிடத்து வலுப்பெற்றது. தூத்துக்குடியிலிருந்து கப்பலிற் கொழும்புக்கு வந்தோரை ராகமையிலிருந்த முகாமில் நிறுத்திச் சோதித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செல்லவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் தகரச் சீட்டுகளை அவர்கள் கழுத்தில் அணிவித்தார்கள்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. இருபுறமும் புகைவண்டிப் பாதை இணைந்தது. அதனை அடுத்த ஆண்டுகளில் மண்டபம் முகாம் முதன்மை பெற்றது. இந்திய மண்ணிலிருந்த அம்முகாமை நடத்தியவர்கள் இலங்கை அரசின் அலுவலர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ ஒரு வாரம் அங்கே தங்கியபின், குடும்பங்கள் கங்காணியின் பின்னே கப்பலேறித் தலைமன்னார் வந்து, அங்கிருந்து புகைவண்டியில் மலையேறின.

அவர்களுள் பலரை வாட்டிய மறைநோய் ஒன்று இருந்தது. அதன் பெயர் கொக்கிப்புழு நோய். அதன் வாழ்க்கையைக் கேட்போர் வியப்படைவர். கொக்கிப்புழு மனிதக் குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கும். பொரித்த புழுக்கள் மண்ணிலே காத்திருந்து, வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும். வெண்புள்ளி நோயைப் போலவே இந்நோயும் பாதி வாழ்வை உடலிலும் பாதி வாழ்வைத் தரையிலும் நடத்துவது. தேயிலை மலையின் ஈர மண்ணும், மழையும், காலணியற்ற பாதங்களும் அதற்கு ஏற்ற நிலைகளாயின. இரத்தம் குன்றி, முகம் வெளுத்து, கொழுந்துக் கூடையைச் சுமக்க வலுவின்றி நின்ற பெண்களைப் பலர் சோம்பேறிகள் என்று ஏசினர். அவர்கள் நோயாளிகள் என்பதை உணர்ந்தவர் சிலரே.

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கினார்கள். தொழிலாளருக்கு வரிசையாக மருந்து கொடுத்தார்கள். பின்னர் மண்டபம் முகாமிலேயே, கப்பலேறுமுன், இந்நோய்க்கு மருந்தளிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. குடலிலிருந்த புழுக்கள் வெளியேறின. தனித்தொட்டியின் வேலை அந்த அளவில் நிறைவேறியது எனலாம்.

ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் யாது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவான அறைகள் வரிசையாய் அமைந்த லயங்கள். மலசலகூடம் இல்லாத தோட்டங்கள் மிகப் பல. தேயிலைச் செடிகளின் இடையேயுள்ள மண்ணே அதற்கு இடமாயிற்று. அதே மண்ணில்தான் விடியற்காலையில் வெறுங்காலுடன் கொழுந்து பறிக்க நடந்தார்கள். மருந்துண்டு தூய்மையானவர் சில மாதங்களில் மீண்டும் புழுவைப் பெற்றனர். மருந்தை விலைக்கு வாங்குவது எளிது. லயந்தோறும் மலசலகூடம் கட்டுவது செலவு. தோட்டச் சொந்தக்காரர்களிற் பலர் முன்னதை வரவேற்றுப் பின்னதைத் தள்ளிப் போட்டனர். தோட்டத் தொழிலாளரின் வைத்திய உதவிக்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்திருந்தும், நிலைமை மாறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. வைத்தியர்களும் சுகாதார அலுவலர்களும் வற்புறுத்தியதன் பயனாகவே மலசலகூடங்களும் குழாய்நீரும் படிப்படியாக வந்தன.

மீனை நேசிப்பவன் பெருந்தொட்டியைத் தூய்மை செய்யாமல் மீனை அதில் விடமாட்டான். விட்டால் மீன் சாகும் என்பதை அவன் அறிவான். மண்டபத்தில் நிறுத்தப்பட்ட மக்களைச் சோதித்த வைத்தியர்களிலும் கடமையுணர்வு மிக்கோர் இருந்திருப்பர். குறை ஒருவரிடத்து இருந்ததன்று, முறையிலேயே இருந்தது. வாயிலிற் காவல் பலமாயிருந்தது; வீட்டுக்குள் கவனம் குறைந்திருந்தது. ரகுசா நகரத்து ஆணையைப் போலவே, மண்டபம் முகாமும் உள்ளே இருப்போரைக் காக்கவே முதலில் எழுந்தது. வந்தவரைக் காப்பது அதற்கு இரண்டாவது நோக்கமாயிற்று. தனித்தொட்டியோ, தன்னுள் இருக்கும் நோயாளியையும் வெளியே இருக்கும் மற்ற மீன்களையும் ஒருங்கே காப்பது. தனிமைப்படுத்தல் அறமாவதும் அவமதிப்பாவதும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே தங்கியிருக்கின்றன.

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் தேதியிலிருந்து, இலங்கைத் தோட்டங்களுக்குப் புதிதாக ஆட்கள் செல்வதை இந்திய அரசு தடுத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்க முடிவாயிற்று. அவ்வாறு திரும்பிச் சென்ற குடும்பங்களிற் பலவற்றை வரவேற்றதும் மண்டபமே. பாட்டன் அம்மை குத்திக்கொண்ட ஊரில் பேரன் குடும்ப அட்டையோடு இறங்கி நின்றான். 1983ஆம் ஆண்டுக்குப் பின், போருக்கு அஞ்சிப் படகேறிய ஈழத்தமிழர் அகதிகளுக்கும் அவ்வூரே முகாமாயிற்று.

மண்டபத்து மீன் ஆராய்ச்சி நிலையம் 2010ஆம் ஆண்டில், கடல்விரால் மீனைத் தொட்டியில் வளர்த்து இனம்பெருக்கச் செய்தது. இந்தியாவில் இது முதன்முறை. கடலிலிருந்து வந்த தாய்மீன்களை முதலில் தனியே வைத்துத் தூய்மை செய்து, பின்னர் தூய நீர் ஓடும் பெருந்தொட்டிகளில் வாழவைத்ததே அவ்வெற்றிக்கு அடிப்படை. வாயிலில் காட்டிய கவனத்தை வீட்டுக்குள்ளும் காட்டினார்கள், உயிர் பெருகிற்று.

மலைநாட்டில் லயங்கள் இன்னும் பல நிற்கின்றன. அவற்றில் வாழும் பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்கள். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து வாங்கிச் செல்கிறார்கள். மாலையில் அதே அறைக்குத் திரும்புகிறார்கள். ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் பொழுதெல்லாம், அது திரும்பிச் செல்லும் வீடு எத்தகையது, அங்கே நீர் எங்கிருந்து வருகிறது, தரை ஈரமா உலர்வா என்னும் கேள்விகளையும் உடன் கேட்க வேண்டும். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்போர் எவரும் தம் மீனுக்காக இக்கேள்விகளைக் கேளாதிருப்பதில்லை.